அம்மாவுக்கு என்ன சேலை வாங்குவது?

தீபாவளிக்குத் துணி எடுக்கக் குடும்பமே கடைக்குப் போகிறது. குழந்தைகளுக்கு எடுத்தாயிற்று. மருமகளுக்கு எடுத்தாயிற்று. கடைசியில்தான் அம்மாவின் நினைவு வருகிறது.

"உனக்கு என்னம்மா வேணும்?" என்கிறான் மகன்.

"எனக்கு எதுக்கப்பா? இருக்கிறதே போதும்!" என்கிறாள் தாய்.

மகன் விடுவதில்லை. பழுப்பு நிறத்தில் ஒரு பட்டுச்சேலையை எடுத்துக் கொடுக்கிறான். தாயும் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறாள். மறுநாள் சாயம் போன பழைய சேலையோடு அடுப்படியில் நிற்கிறாள்!

பணம் செலவாயிற்று. பாசமும் குறைவில்லை. அப்படியானால் தவறு எங்கே? அம்மா அன்றாடம் என்ன உடுத்துகிறாள் என்பதை யாரும் பார்க்கவில்லை. அதுதான் தவறு.

பீரோவைத் திறந்து பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால், அம்மாவோடு உட்கார்ந்து பீரோவைத் திறந்து பாருங்கள்.

வெளுத்துப்போய், நைந்துபோய் இருக்கும் சேலை எது? அதுதான் அவளுக்குப் பிடித்த சேலை! அது என்ன துணி, என்ன நிறம், கரை பெரியதா சிறியதா என்று கவனியுங்கள். புதிய சேலைக்கு அதுவே வழிகாட்டி.

மடிப்புக் கலையாமல் கிடக்கும் சேலைகளையும் எடுத்துப் பாருங்கள். "இதை ஏம்மா கட்டுவதில்லை?" என்று கேளுங்கள். காரணம் சொல்லுவாள். ஒன்று கனமாக இருக்கும். ஒன்று வழுக்கும். இன்னொன்றின் சரிகை கழுத்தில் உறுத்தும். பெரும்பாலும் கிடைக்கும் பதில், "ரவிக்கை பற்றவில்லை" என்பதுதான்.

சேலைக்கு முன் ரவிக்கை

ஆகவே, முதல் செலவு தையல்காரருக்கு! பழைய அளவு ரவிக்கையைக் கொடுத்து அனுப்பாதீர்கள். வயது ஏற ஏற உடம்பு மாறும். புதிதாக அளவு எடுக்கவேண்டும்.

தோள்வலி உள்ள தாய்மார்களுக்குக் கொக்கி முன்பக்கம்தான் இருக்கவேண்டும். விரல் மூட்டு வலி இருந்தால், பெரிய கொக்கியாக வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைத்தால், பின்னால் பிரித்துக்கொள்ளலாம்.

உள்பாவாடை நாடாவையும் கவனிக்கவேண்டும். பல தாய்மார்களின் இடுப்பில் நாடா அழுத்திய கறுப்புத் தழும்பு இருக்கும். அதை யாரிடமும் சொல்லமாட்டார்கள். இடுப்புக்கட்டின் இறுக்கத்தால் உண்டான புண் ஆறாமல் இருந்து, புற்றுநோயாக மாறிய 2 பெண்களைப் பற்றி, மராட்டிய, பீகார் மாநில டாக்டர்கள் 2024-ம் ஆண்டில் எழுதினார்கள். இது மிக அபூர்வம். பயப்படவேண்டியதில்லை. ஆனால் புண் ஆறாமல் இருந்தால், உடனே டாக்டரிடம் காட்டவேண்டும். நாடாவுக்குப் பதில் அகலமான பட்டை வைத்துத் தைத்து, தளர்வாகக் கட்டினால் அழுத்தம் குறையும்.

எந்தத் துணி நல்லது?

வீட்டு வேலைக்கு நூல் சேலையே சிறந்தது. வியர்வையை உறிஞ்சும். காற்றோட்டமாக இருக்கும்.

மதுரைச் சுங்குடி இலேசானது. காரைக்குடிக் கண்டாங்கி அழுத்தமானது, நீண்டநாள் உழைக்கும். சுங்குடிக்கு 2005-ம் ஆண்டிலும், கண்டாங்கிக்கு 2019-ம் ஆண்டிலும் புவிசார் குறியீடு கிடைத்தது. விசேஷங்களுக்குப் பட்டு வேண்டும், ஆனால் கனம் கூடாது என்பவர்கள், பட்டும் நூலும் கலந்த கோவை கோரா சேலையைப் பார்க்கலாம்.

நைலான், பாலியெஸ்டர் சேலைகள் துவைக்க எளிது, சீக்கிரம் உலரும். ஆனால் அடுப்படிக்கு ஆகாது! தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். நூல் சேலையிலும் தீப்பிடிக்கும். எந்தச் சேலையானாலும், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் அடுப்பின் முன்னால் நிற்கவேண்டும்.

பட்டு வாங்கினால் "சில்க் மார்க்" சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அசல் பட்டு என்பதற்கு அடையாளமாக 2004-ம் ஆண்டில் வந்த முத்திரை இது. சேலை ஓரத்தில் ஓர் இழையை உருவி எரித்தும் பார்க்கலாம். அசல் பட்டானால் முடி கருகும் நாற்றம் வரும். சாம்பல் விரலில் பொடியாகும். செயற்கை நூலானால் உருகிக் கெட்டி மணியாக நிற்கும்.

வயதுக்கு ஒரு நிறமா?

ஐம்பது வயது ஆகிவிட்டால் பழுப்பும் சாம்பலும்தானா? அப்படி எந்தச் சட்டமும் இல்லை!

வயதாக ஆக, கண்ணில் உள்ள வில்லை மஞ்சள் படியும். கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும். எனவே அம்மாவைப் பகல் நேரத்தில் கடைக்கு அழைத்துப் போங்கள். சேலையை வாசல் வெளிச்சத்தில் விரித்துக் காட்டுங்கள்.

கணவனை இழந்த தாய்மார்களின் நிலை வேறு. வெள்ளைச் சேலை என்ற கட்டாயம் இன்று பல வீடுகளில் போய்விட்டது. ஆனாலும், மனதில் ஆசை இருந்தும், "ஊர் என்ன சொல்லும்?" என்று தயங்கி நிற்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள்.

அவர்களாக வாய் திறந்து கேட்கமாட்டார்கள். பிள்ளைகள்தான் முதலில் சொல்லவேண்டும். "உனக்குப் பிடித்த நிறத்தை எடும்மா. யார் என்ன சொன்னாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்" என்று மகன் சொன்னால், பாதிப் பயம் போய்விடும். முதலில் இளநீலம், இளம்பச்சை என்று தொடங்கலாம். வெள்ளைதான் வேண்டும் என்று அவளே விரும்பினால், அதற்கும் மதிப்புக் கொடுக்கவேண்டும்.

சேலை மட்டும்தானா?

முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், காலையில் நடக்கப் போகிறவர்களுக்கும், பஸ் ஏறி இறங்குகிறவர்களுக்கும் சுடிதார் வசதியானது. ஆனால் வற்புறுத்தக் கூடாது. வெளியூர்ப் பயணத்தில் ஒருநாள் அணிந்து பார்க்கட்டும். பிடித்தால் தானே கேட்பாள்.

சேலையே உடுத்துகிறவர்கள், அது தரையைத் தொடாமல் கணுக்கால் வரை நிற்கும்படி கட்டவேண்டும். கொசுவம் காலில் தட்டி விழுந்தால், முதிய வயதில் இடுப்பு எலும்பே முறிந்துவிடும்.

எப்படிக் கேட்பது?

"வேண்டுமா?" என்று கேட்டால், எந்தத் தாயும் "வேண்டாம்" என்றுதான் சொல்லுவாள். இரண்டு சேலையை மடியில் வைத்து, "இதுவா, அதுவா?" என்று கேளுங்கள். கை எதன்மேல் முதலில் போகிறது என்று பாருங்கள்.

கையில் உள்ள பணம் ஒரு பட்டுச்சேலைக்குத்தான் வரும் என்றால், அதே பணத்தில் 3, 4 நூல் சேலைகளும் அவற்றுக்குப் பொருத்தமான ரவிக்கைகளும் வாங்கலாம். ரவிக்கையைத் தைத்தே கொடுத்துவிடுங்கள். பீரோவில் இருக்கும் கிழிந்த சேலைகளை அவள் சம்மதத்தோடு அன்றைக்கே எடுத்துவிடுங்கள். பழையது கண்ணெதிரே இருக்கும்வரை, எந்தத் தாயும் புதியதைத் தொடமாட்டாள்!