துருவ அஞ்சலுறை சேகரிப்பு

துருவ அஞ்சலுறை சேகரிப்பு என்பது, வட, தென் துருவப் பகுதிகளுக்குச் சென்ற ஆய்வுப் பயணங்களோடு தொடர்புடைய கடித உறைகள், அஞ்சலட்டைகள், அஞ்சல்தலைகள் ஆகியவற்றைச் சேகரித்து ஆராய்வதைக் குறிக்கும். இது அஞ்சல்தலை சேகரிப்பின் ஒரு கிளைத்துறை ஆகும். பொதுவான சேகரிப்பில் அஞ்சல்தலையே முதன்மை பெறுகின்றது. இத்துறையிலோ உறை முழுவதும் ஓர் ஆவணமாகக் கொள்ளப்படுகின்றது. அஞ்சல்தலையை உறையிலிருந்து பிரித்தெடுத்தால் அதன் பெறுமதியின் பெரும்பகுதி போய்விடும்.

முத்திரைகள்

இவ்வுறைகளில் இரு வகை முத்திரைகளைக் காணலாம். ஒன்று, அஞ்சலகம் இடும் நாள்முத்திரை. இது அஞ்சல்தலை மீண்டும் பயன்படாமல் தடுப்பதுடன் இடத்தையும் நாளையும் காட்டுகின்றது. மற்றது, கேஷே எனப்படும் நினைவு முத்திரை. பயணக்குழுவின் பெயர், கப்பல், பென்குயின் முதலியவை இதில் இடம்பெறும். இதனைப் பயணக்குழுவினரோ, கப்பல் பணியாளரோ, தனி வணிகரோ கூட இடலாம். எனவே, கேஷே மட்டும் இருப்பது அவ்வுறை துருவத்துக்குச் சென்று வந்ததற்குச் சான்றாகாது. புதிதாகச் சேகரிப்போர் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான்.

தொடக்ககாலப் பயணங்கள்

1904 பெப்ரவரியில் தெற்கு ஓர்க்னி தீவுகளில் உள்ள லாரி தீவில் அர்கெந்தீனா ஓர் அஞ்சலகத்தைத் திறந்தது. ஊகோ அக்குஞா என்னும் இளைஞர் அதன் அஞ்சல் அதிகாரியாகப் பணியாற்றினார். 1908இல் எர்ணஸ்ட் சாக்கிள்டனின் நிம்ரொட் பயணத்துக்காக நியூசிலாந்து தனது ஒரு பென்னி அஞ்சல்தலையில் "ஏழாம் எட்வர்ட் மன்னர் நிலம்" என்னும் பொருள்படும் மேலச்சிட்டு வழங்கியது. சாக்கிள்டனே அஞ்சல் அதிகாரியாகப் பதவிப் பிரமாணம் செய்துகொண்டார். ஆனால் பனிக்கட்டி வழிமறித்ததால் குழு அந்நிலத்தை அடையவில்லை. ராஸ் தீவிலுள்ள ராய்ட்ஸ் முனையில் தங்கி, அங்கேயே அத்தலைகளைப் பயன்படுத்தியது. 1911இல் ஸ்காட்டின் பயணத்துக்கு "விக்டோரியா நிலம்" என்ற மேலச்சு வழங்கப்பட்டது.

பேர்டின் இரண்டாம் பயணம்

சேகரிப்போரிடையே மிகப் பரவலாகக் காணப்படுபவை ரிச்சர்ட் பேர்டின் இரண்டாவது அண்டார்க்டிக்கப் பயணத்தின் (1933–35) உறைகளாகும். இப்பயணத்துக்கென ஐக்கிய அமெரிக்கா 1933 அக்டோபரில் 3 சத அஞ்சல்தலை ஒன்றை வெளியிட்டது. உறையை லிட்டில் அமெரிக்கா தளம் வரை கொண்டுசென்று முத்திரையிட்டுத் திருப்பி அனுப்ப மேலும் 50 சதம் அறவிடப்பட்டது. கடிதம் எழுதும் தேவை எவருக்கும் இல்லை, அனுப்பியோர் சேகரிப்போரே. பயணச் செலவுக்கு இது உதவியது.

முதல் பருவத்தில் பெருந்தொகையான உறைகளுக்கு முத்திரையிட இயலவில்லை. ஆகவே அமெரிக்க அஞ்சல்துறை சார்ள்ஸ் அண்டர்சன் என்னும் அதிகாரியை அங்கு அனுப்பி எஞ்சியவற்றுக்கு முத்திரையிட வைத்தது. இதனால் 1934 சனவரி 31, 1935 சனவரி 30 என இரு நாள்களைக் கொண்ட உறைகள் உள்ளன.

லிட்டில் அமெரிக்கா அமைந்திருந்த பகுதி நியூசிலாந்தின் நிருவாகத்தில் உள்ளதாக ஐக்கிய இராச்சியம் கருதியது. அங்கே அமெரிக்க அஞ்சலகம் இயங்குவது குறித்து அது 1934இல் கேள்வி எழுப்பியது. அஞ்சலகம் நடத்துவது ஆட்சியுரிமையின் அடையாளமாகக் கொள்ளப்பட்டதே இதற்குக் காரணம். இதே நோக்கில், பிரித்தானியா 1944இல் போக்லாந்துத் தீவுகளின் அஞ்சல்தலைகளில் கிரகாம் நிலம் முதலிய பகுதிகளின் பெயர்களை மேலச்சிட்டது. அதே ஆண்டில் போர்ட் லாக்ராயில் தளமும் அமைத்தது. 1959இல் கையெழுத்தான அண்டார்க்டிக்க உடன்படிக்கை இத்தகைய உரிமைக்கோரல்களை நிறுத்திவைத்தது.

ஆர்க்டிக் பகுதி

1931 சூலையில் கிராஃப் செப்பலின் என்னும் செருமானிய வான்கப்பல் ஆர்க்டிக் பகுதிக்குச் சென்றது. சூலை 27 அன்று பிரான்ஸ் யோசேப் நிலத்திலுள்ள ஊக்கர் தீவருகே நீரில் இறங்கி, மலிகின் என்னும் சோவியத் பனியுடைப்புக் கப்பலுடன் அஞ்சல் பைகளைப் பரிமாறிக்கொண்டது. இப்பயணத்தின் செலவிலும் ஒரு பகுதி அஞ்சலுறைகள் மூலமே கிடைத்தது.

இந்தியா

இந்தியாவின் முதல் அண்டார்க்டிக்கப் பயணம் 1981–82இல் நிகழ்ந்தது. 1984இல் தட்சிண கங்கோத்ரி நிலையத்தில் அஞ்சலகம் திறக்கப்பட்டது. அந்நிலையம் பனியில் புதையுண்டமையால், 1990இல் மைத்ரியில் அஞ்சலகம் அமைந்தது. 2024 ஏப்ரல் 5 அன்று பாரதி நிலையத்திலும் அஞ்சலகம் ஒன்று தொடங்கப்பட்டது. முத்திரை வேண்டி அனுப்பப்படும் கடிதங்கள் கோவாவில் உள்ள துருவ ஆய்வு மையத்தில் சேர்க்கப்பட்டு, ஆய்வாளர்களுடன் அண்டார்க்டிக்கா சென்று, முத்திரை பெற்றுத் திரும்புகின்றன.