சார்புக்கு வரும் பதிவை வலிதாக்கல்

மாணவர்களே, சார்பொன்றை எழுதும்படி வினாவில் கேட்டால் கணிப்புப் பகுதியைப் பெரும்பாலானோர் சரியாகவே எழுதி விடுகின்றீர்கள். ஆனால் பரமானமாக வரும் தரவு எப்போதும் ஒழுங்காகவே வரும் என்று எண்ணிக்கொண்டு எழுதுவதே நாம் அடிக்கடி காணும் குறை. தரவு பொருத்தமானதா என்று செய்நிரலே பார்த்துக்கொள்வது வலிதாக்கல் எனப்படும். சில நூல்களில் இது செல்லுபடியாக்கல் என்றும் வரும். இரண்டும் ஒன்றே.

தனி எண் ஒன்றை வலிதாக்குவது இலகு. பாடப் புள்ளி 0 இலிருந்து 100 வரை இருக்க வேண்டும் எனின், ஒரே வீச்சுச் சோதனை போதும். ஆனால் சார்புக்கு வருவது பல புலங்கள் கொண்ட பதிவு எனின் விடயம் அவ்வளவு எளிதன்று. நாள், மாதம், ஆண்டு என்ற மூன்று புலங்களைக் கொண்ட திகதிப் பதிவை எடுத்துக்கொள்க. நாள் 31, மாதம் 4, ஆண்டு 2009 என வருகின்றது. நாள் 1 - 31 வீச்சினுள் உள்ளது. மாதம் 1 - 12 வீச்சினுள் உள்ளது. ஆண்டிலும் குற்றமில்லை. தனித்தனியே பார்த்தால் மூன்றும் சரி, சேர்த்துப் பார்த்தால் அப்படியொரு திகதியே இல்லை. ஏப்பிரலுக்கு 30 நாட்களே. ஆகவே பதிவில் ஒரு புலத்தின் எல்லையை இன்னொரு புலம் தீர்மானிக்கலாம் என்பதை முதலில் மனதிற் பதித்துக்கொள்க.

இச்சார்பின் போலிக்குறிமுறை பின்வருமாறு அமையும். மாதநாள் என்பது 12 மூலகங்களைக் கொண்ட அணி. அதில் 31, 28, 31, 30 என ஒவ்வொரு மாதத்தின் நாட்களும் உள்ளன.

சார்பு திகதிவலிதா (தி : திகதிப்பதிவு) : பூலியன்
தொடக்கம்
திகதிவலிதா = பொய்
தி.ஆண்டு < 1900 அல்லது தி.ஆண்டு > நடப்பாண்டு எனின் வெளியேறு
தி.மாதம் < 1 அல்லது தி.மாதம் > 12 எனின் வெளியேறு
எல்லை = மாதநாள்[தி.மாதம்]
தி.மாதம் = 2 மற்றும் நெட்டாண்டு(தி.ஆண்டு) எனின் எல்லை = 29
தி.நாள் >= 1 மற்றும் தி.நாள் <= எல்லை எனின் திகதிவலிதா = உண்மை
முடிவு

முதல் வரியிலேயே விடையைப் பொய் என்று வைத்ததைக் கவனிக்குக. எல்லாச் சோதனைகளிலும் தேறிய பின்னரே அது உண்மையாகின்றது. ஏதாவதொரு வழி கவனத்திலிருந்து தப்பினாலும் தவறான திகதி உள்ளே நுழையாது.

அடுத்தது ஒழுங்கு. மாதத்தைச் சோதிக்க முன்னர் மாதநாள்[தி.மாதம்] என்று எழுதினால் என்ன நடக்கும்? மாதம் 13 என வந்தால் அணியில் இல்லாத மூலகத்தைத் தேடுகின்றோம். ஃப்ரீ பஸ்காலில் வீச்சுச் சோதனை வழமையாக நிறுத்தப்பட்டே இருக்கும். ஆகவே செய்நிரல் நின்றுவிடாமல், நினைவகத்தில் அவ்விடத்தில் கிடக்கும் ஏதோவொரு எண்ணை எடுத்துக்கொண்டு தொடர்ந்து ஓடலாம். அச்சோதனையைச் செயற்படுத்தி வைத்திருந்தால் 201 என்ற இயக்க நேர வழுவுடன் நின்றுவிடும். என்னைக் கேட்டால், பிழையான விடையுடன் ஓடுவதிலும் பார்க்க நின்றுவிடுவது நல்லது.

நெட்டாண்டிலும் பலர் தவறுகின்றனர். 4 ஆல் வகுபட்டால் மட்டும் போதாது. 100 ஆல் வகுபடும் ஆண்டு 400 ஆலும் வகுபட வேண்டும். 2000 நெட்டாண்டு, 1900 உம் 2100 உம் அல்ல.

பயனர் மாதத்துக்கு 4 என்பதற்குப் பதிலாக “ஏப்பிரல்” என்று தட்டச்சு செய்தால்? நிறைவெண் மாறிக்குள் எழுத்துக்களை வாசிக்க முற்பட்டதும் 106 என்ற இயக்க நேர வழு தோன்றும். நம் சார்பு அழைக்கப்படவே மாட்டாது. எனவே உள்ளீட்டைச் சரமாக வாசித்து, ‘வல்’ என்னும் நடைமுறையால் எண்ணாக மாற்றுக. அதன் மூன்றாவது பரமானம் 0 எனின் மாற்றம் வெற்றி. இல்லையெனில் தவறான எழுத்து எத்தனையாவது இடத்தில் உள்ளது என்பதை அது தரும்.

இவ்வளவு தேவையா என்று நினைக்க வேண்டாம். 1996 யூன் 4 ஆம் திகதி ஏரியன் 5 ரொக்கெட் தன் முதற் பறப்பில், புறப்பட்டு ஒரு நிமிடத்திற்குள் அழிந்தது. 64 பிற்று மெய்யெண்ணொன்றை 16 பிற்று நிறைவெண்ணாக மாற்றியபோது அது 32767 என்ற மேல் எல்லைக்குள் அடங்கவில்லை. அவ்விடத்தில் வீச்சுச் சோதனை இருக்கவில்லை. ஏரியன் 4 இற்காக ஏடா மொழியில் எழுதப்பட்ட அச்செய்நிரற் பகுதி, அதிலும் வேகமான ரொக்கெட்டில் அப்படியே பயன்படுத்தப்பட்டிருந்தது. டேர்போ பஸ்காலின் சாதாரண நிறைவெண்ணுக்கும் அதே 32767 தான் மேல் எல்லை.

நம் நாட்டுத் தேசிய அடையாள அட்டை இலக்கமும் நல்லதோர் உதாரணம். 12 இலக்கங்கள் கொண்ட புதிய வடிவில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அது ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். 2008 பெப்ரவரி 1 இல் பிறந்த மாணவனின் இலக்கம் 2008032 எனவும் மாணவியினது 2008532 எனவும் தொடங்கும். அம்மூன்று இலக்கங்கள் 400 என வரவே முடியாது. பிறந்த திகதி, பால், அடையாள அட்டை இலக்கம் மூன்றும் ஒரே பதிவில் இருந்தால் ஒன்றைக்கொண்டு மற்றொன்றைச் சோதிக்கலாம்.

ஆயினும் வலிதான தரவெல்லாம் உண்மையான தரவு அல்ல. 05.06.2009 இற்குப் பதிலாக 06.05.2009 என்று உள்ளிட்டால் நம் சார்பு உண்மை என்றே சொல்லும். பிறப்புச் சான்றிதழுடன் ஒப்பிட்டுப் பார்த்தால் மட்டுமே அது பிடிபடும். அது சரிபார்த்தல், வலிதாக்கல் அன்று. பரீட்சைச் சான்றிதழில் பிறந்த திகதி மாறி அச்சாகி, அதைத் திருத்த அலைந்த அண்ணா, அக்காமார் உங்கள் ஊரில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இவ்விரு சொற்களின் வேறுபாடு பிறகு மறக்காது.

இன்னொன்று. சார்பினுள்ளே “தவறான திகதி” என்று திரையில் எழுதும் பழக்கத்தை விடுக. சார்பு உண்மை அல்லது பொய்யைத் திருப்பி அனுப்பினாற் போதும். செய்தியைக் காட்டி மீண்டும் உள்ளிடும்படி கேட்பது பிரதான செய்நிரலின் வேலை.

பயிற்சி: மேலுள்ள சார்புக்குப் பின்வரும் திகதிகளைக் கொடுத்து ஒவ்வொரு வரியாகக் கையால் இயக்கிப் பார்க்குக.
29.02.2008, 29.02.2009, 29.02.1900, 31.04.2009, 10.13.2009, 29.02.2000

விடை: முதலாவதும் கடைசியும் உண்மை, ஏனையவை பொய். 10.13.2009 எந்த வரியில் வெளியேறுகின்றது என்பதையும் குறித்துக்கொள்க. நடப்பாண்டில் இன்னும் வராத திகதியொன்றை இச்சார்பு ஏற்றுக்கொள்ளும். அதைத் தடுக்க எந்த இடத்தில் என்ன நிபந்தனை சேர்ப்பீர்கள்?