குடி நின்ற முதல் நான்கு நாள்

தினமும் மிதமிஞ்சிக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்கு 'டெலிரியம் ட்ரெமென்ஸ்' தாக்கும்: ஆள் அடையாளம் தெரியாது, இல்லாதவை கண்ணுக்குத் தெரியும், காய்ச்சலும் படபடப்பும் ஏறும். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம்.

2020 மார்ச் ஊரடங்கில் மதுக்கடைகள் மூடியபோது கேரளம் முழுக்க இந்தச் சிக்கல் வெளிப்பட்டது. அரசு மருத்துவரின் சான்றிருந்தால் மது வழங்கலாம் என்று மார்ச் 30 அன்று திருவனந்தபுரத்திலிருந்து ஆணை வந்தது. மருத்துவர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. ஏப்ரல் 2 அன்று உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. கொஞ்சங்கொஞ்சமாக மதுவைக் குறைத்தே நிறுத்தலாம் என்போரும் உண்டு. ஆனால் குடிநோயாளியால் அளவைக் காக்க முடிவதில்லை.

மருத்துவர்கள் நம்புவது பென்சோடையசெபின் மருந்துகளை. மது அடக்கி வைத்திருந்த மூளை, அது நின்றதும் கட்டுமீறிக் கிளர்கிறது. மது செயல்பட்ட அதே இடத்தில் செயல்பட்டு இம்மருந்துகள் அதைத் தணிக்கின்றன. குளோர்டையசெபாக்சைடும் டயசெபாமும் உடலில் நீண்ட நேரம் நிற்பவை. கல்லீரல் கெட்டவர்களுக்கும் முதியவர்களுக்கும் லோரசெபாம் ஏற்றது. அளவை நாளுக்கு நாள் குறைத்து ஒரு வாரம் போல் தருவது ஒரு முறை. பத்து அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டு, தேவையானபோது மட்டும் தருவது மற்றொன்று. முன்பு வலிப்போ டெலிரியமோ வந்தவரை வார்டில் சேர்த்தாக வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் மறந்துபோவது தயமின் என்னும் வைட்டமின் பி1. சோர்ந்து கிடப்பவருக்கு 'ஒரு குளுக்கோஸ் ஏற்றுங்கள்' என்பதே குடும்பத்தார் முதலில் கேட்பது. குளுக்கோஸை ஆற்றலாக மாற்றத் தயமின் வேண்டும். நெடுநாள் குடித்த உடலில் அது வற்றியிருக்கும். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் வெர்னிக்கே நோய் முற்றலாம்: கண் அசைவு பிசகும், நடை தள்ளாடும், புத்தி குழம்பும். இதைப் போதை தெளியவில்லை என்று எண்ணி விட்டுவிட்டால் நினைவாற்றலே நிரந்தரமாகப் போகக்கூடும். குளுக்கோஸுக்கு முன்போ அதனுடனோ தயமின் ஊசி போட்டுவிட்டால் இந்த ஆபத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். விலையும் சொற்பம்தான்.

நடுக்கம் அடங்கியபின் மீண்டும் குடிக்காமலிருக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட், டைசல்ஃபிராம் ஆகியவற்றில் ஒன்றும் ஆலோசனையும் தொடரும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனையில் இதற்கான மையம் உண்டு. வீடு திரும்புபவரின் மருந்துச் சீட்டிலும் தயமின் மாத்திரை இருக்க வேண்டும்.