அலைபாயும் மனமும் அமைதியின் செபமும்

நற்கருணை ஆண்டவர்முன் அமைதியாக அமர்கிறோம். கண்களை மூடிய சில நொடிகளிலேயே மனம் ஓடிவிடுகிறது. அடுப்பில் வைத்த பால், அடைக்க வேண்டிய கடன், நேற்று ஒருவர் சொன்ன கடுஞ்சொல்! 'நமக்குத் தியானமெல்லாம் வராது' என்று எழுந்துவிடுகிறோம். சிலர் மௌன செபத்தையே விட்டுவிடுகிறோம்.

அவிலா நகர் புனித தெரேசாவும் (1515-1582) பல ஆண்டுகள் இத்துன்பத்தை அனுபவித்தவரே. செப நேரம் முடியும் மணியோசைக்காகக் காத்திருந்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் மறைக்காமல் எழுதியுள்ளார். 1577-இல் ஆன்மாவை ஒரு கோட்டையாக விவரித்து அவர் எழுதிய நூலில், தாம் கண்டறிந்ததைச் சொல்கிறார். எண்ணங்கள் கோட்டையின் வெளிப்புறத்தில் அலைந்து திரியும்போதும், ஆன்மா உள்ளறையில் இறைவனோடு இருக்க முடியும். ஆகவே, ஆலையின் இரைச்சலைப் பொருட்படுத்தாமல் மாவு அரைப்பவரைப்போல் செபத்தைத் தொடரச் சொல்கிறார். இவரையே 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார்.

நாமும் எண்ணங்களை விரட்ட வேண்டாம். அவற்றின் பின்னால் ஓடவும் வேண்டாம். மனம் விலகியதை உணர்ந்தவுடன், 'இயேசுவே' என்று மெல்லச் சொல்லித் திரும்புவோம். இருபது முறை சிதறினால், இருபது முறை திரும்புவோம். அந்தத் திரும்புதலும் செபமே.

மீண்டும் மீண்டும் வருகிறதே அந்தக் கடுஞ்சொல், அது நம்முள் ஆறாத காயம் ஒன்றைக் காட்டுகிறது. அமைதியில் அமராவிட்டால் அதை நாம் அறிந்திருக்கமாட்டோம். அதையும், அதைச் சொன்னவரையும் ஆண்டவர் கரங்களில் ஒப்படைப்போம். நாளைக் காலை பத்து நிமிடம் மீண்டும் அமர்வோம்.