பெட்ரோல் கலந்த நிலத்தடி நீர்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

எரிபொருள் விற்பனை நிலையங்களின் நிலத்தடித் தொட்டிகளிலும் குழாய்களிலும் ஏற்படும் கசிவு, நீண்ட காலம் வெளியே தெரியாமல் நிலத்தடி நீரை மாசுபடுத்தக்கூடும். 2013ஆம் ஆண்டு சென்னை தண்டையார்பேட்டையில் நிலத்தடிக் குழாயிலிருந்து கசிந்த பெட்ரோலிய எண்ணெய், குடியிருப்புகளின் ஆழ்துளைக் கிணறுகளில் கலந்தது.

மாசு எவ்வாறு பரவுகிறது?

பெட்ரோல் நீரைவிட எடை குறைந்தது. ஆகவே மண்ணின் வழியே இறங்கி, நிலத்தடி நீர்மட்டத்தின் மேல் மிதக்கிறது. அதிலுள்ள பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகியவை சிறிதளவு நீரில் கரைந்து, நீரோட்டத்தின் திசையில் நகர்கின்றன. எனவே கசிவுக்கு அருகிலுள்ள கிணறு தூய்மையாக இருக்க, தொலைவிலுள்ள கிணறு மாசடைந்திருக்கலாம்.

உடல்நலத்திற்கு என்ன தீங்கு?

நீரில் மிகுதியாகக் கலந்திருந்தால் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் ஆகியவை தோன்றலாம். பென்சீன் நீண்ட காலம் உடலில் சேர்வது எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும். இரத்தச்சோகையும் இரத்தப் புற்றுநோயும் ஏற்படும் அபாயம் உண்டு. குடிநீரில் பென்சீன் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமிற்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. இதைவிடப் பன்மடங்கு மிகுந்த பின்னரே மணத்தை உணர முடியும். ஆகவே, மணம் இல்லாத நீர் பாதுகாப்பானது எனக் கொள்ளக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

• ஐயத்திற்குரிய நீரைக் குடிப்பதையும், சமையலுக்குப் பயன்படுத்துவதையும் உடனே நிறுத்துக. குழந்தைகள், கர்ப்பிணிகள், இரத்தக் குறைபாடு உடையோர் ஆகியோருக்கு முதலில் மாற்று நீர் வழங்குக.
• நீரைக் கொதிக்க வைப்பது தீர்வாகாது. பென்சீன் ஆவியாகிச் சமையலறைக் காற்றில் கலக்கும். குளோரின் மாத்திரையோ துணி வடிகட்டியோ பயன் தராது, வீட்டு ஆர்.ஓ. கருவியை மட்டும் நம்ப வேண்டா.
• வெந்நீர்க் குளியலின்போதும் ஆவியைச் சுவாசிக்க நேரிடும். ஆகவே குளிப்பதற்கும் வேறு நீரைப் பயன்படுத்துக.
• கிணற்றருகே பெட்ரோல் மணம் வீசினால் தீ மூட்டவோ, மின்மோட்டாரை இயக்கவோ கூடாது. உள்ளாட்சி அமைப்பிற்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கும் தெரிவிக்க வேண்டும்.
• தொடர் சோர்வு, அடிக்கடி தொற்று, காரணமின்றித் தோல் கன்றுதல், ஈறுகளில் இரத்தக் கசிவு ஆகியவை இருப்பின், அந்நீரைப் பயன்படுத்திய காலத்தை மருத்துவரிடம் கூறுக. முழு இரத்த அணுக்கள் எண்ணிக்கைப் பரிசோதனையை அவர் பரிந்துரைக்கலாம். பென்சீன் உடலிலிருந்து விரைவில் வெளியேறிவிடுவதால், பழைய பாதிப்பைப் பென்சீனுக்கான பரிசோதனை காட்டாது.

எவ்வாறு கண்காணிக்கப்படுகிறது?

கசிவிடத்தைச் சுற்றிலும் நீரோட்டத் திசையிலும் கண்காணிப்புக் கிணறுகள் தோண்டப்படுகின்றன. அவற்றில் நீர்மட்டமும், மிதக்கும் எண்ணெய்ப் படலத்தின் தடிமனும் அளக்கப்படுகின்றன. நீர் மாதிரி, காற்றுக்குமிழி இல்லாதவாறு சிறு கண்ணாடிக் குப்பியில் நிரப்பப்பட்டு, குளிர்ந்த நிலையில் ஆய்வகத்திற்கு அனுப்பப்படுகிறது. குப்பியில் வெற்றிடம் இருந்தால் பென்சீன் ஆவியாகி, உண்மையைவிடக் குறைந்த அளவே பதிவாகும்.

எவ்வாறு தூய்மைப்படுத்தப்படுகிறது?

முதலில் கசிவு அடைக்கப்பட்டு, மிதக்கும் எண்ணெய் உறிஞ்சி எடுக்கப்படுகிறது. மண்ணில் தங்கிய ஆவி வெற்றிடக் குழாய்கள் மூலம் வெளியேற்றப்படுகிறது. மாசடைந்த நீர் மேலே இறைக்கப்பட்டு, காற்று செலுத்தியோ கிளர்வூட்டப்பட்ட கரியின் வழியே செலுத்தியோ சுத்திகரிக்கப்படுகிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் எஞ்சிய மாசைச் சிதைக்க, ஆக்சிஜன் ஊட்டப்படுவதும் உண்டு.

கிணற்றை மீண்டும் எப்போது பயன்படுத்தலாம்?

இது பொறுமை தேவைப்படும் பணி. அமெரிக்காவின் சாண்டா மோனிகா நகரில், பெட்ரோலில் சேர்க்கப்பட்ட எம்.டி.பி.இ. என்னும் வேதிப்பொருள் கலந்ததால், 1996இல் குடிநீர்க் கிணறுகள் மூடப்பட்டன. புதிய சுத்திகரிப்பு நிலையத்துடன் அவை மீண்டும் முழுமையாகப் பயன்பாட்டிற்கு வந்தது 2010இன் இறுதியில்தான்.

நீர் இறைப்பதை நிறுத்தியபின், மண்ணில் ஒட்டியிருந்த மாசு மீண்டும் நீரில் கரைந்து அளவு உயரக்கூடும். ஆகவே ஒரு முறை கிடைத்த நல்ல முடிவு போதுமானதன்று. வெவ்வேறு பருவங்களில் எடுத்த மாதிரிகள் தொடர்ந்து பாதுகாப்பான அளவில் இருந்து, உரிய அலுவலர் எழுத்து மூலம் அனுமதி அளித்த பின்னரே அந்நீரைக் குடிக்க வேண்டும்.