வௌவாலை விரட்டினால் வைரஸ் ஓடிவிடுமா?

வாதாம் பழுக்கும் காலத்தில் பெரம்பூர்த் தெருக்களில் பொழுது சாய்ந்ததும் பழந்தின்னி வௌவால்கள் வந்துவிடும். கொரோனாவுக்குப் பிறகு அவற்றை அச்சத்தோடு பார்ப்பவர்கள் உண்டு. அந்த அச்சத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, புனேவில் உள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனத்தின் ஆய்வு. 2018, 2019ஆம் ஆண்டுகளில் பல மாநிலங்களில் சேகரித்த தொண்டைச் சளி மாதிரிகளை அது சோதித்தது. பெரிய பழந்தின்னி வௌவால்களின் 508 மாதிரிகளில் 21இல் கொரோனா வைரஸ் தென்பட்டது. அவற்றுள் ஒன்று தமிழ்நாட்டைச் சேர்ந்தது, 6 புதுச்சேரியைச் சேர்ந்தவை. இந்த முடிவு 2020 ஏப்ரலில் வெளியானபோது ஊரே முடங்கிக் கிடந்தது. 'கொரோனா' என்ற ஒரு சொல்லே கிலியூட்டப் போதுமானதாக இருந்தது.

ஆனால் கொரோனா வைரஸ் என்பது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். சாதாரண சளியைத் தரும் சில வைரஸ்களும் அதில் அடக்கம். இங்கே கிடைத்தவை கோவிட் வைரஸ் அல்ல. கோவிட் வைரஸின் நெருங்கிய உறவுகள் சீனாவிலும் லாவோஸிலும் குதிரைலாட வௌவால்களிடம் கண்டறியப்பட்டுள்ளன. 2013இல் யுன்னானில் எடுத்த மாதிரி 96 சதவீதம் ஒத்துப்போகிறது. மிக நெருக்கம் போலத் தோன்றினாலும், ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்ட மரபணுத் தொடரில் அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேறுபாடுகள். பல பத்தாண்டுகளின் இடைவெளி. 2020 கோடையில் சென்னையில் தொற்று மிகுந்த மண்டலங்களில் ராயபுரமும், பெரம்பூரை உள்ளடக்கிய திரு.வி.க. நகரும் இருந்தன. அங்கே நோய் பரவியது மனிதரிடமிருந்து மனிதருக்கு.

'2018இல் கேரளத்தில் 17 உயிர்களைப் பறித்த நிபா, பழந்தின்னிகளிடமிருந்து வந்ததுதானே? வருமுன் காப்பதாக வௌவால்களை ஒழித்தால் என்ன?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு உகாண்டாவின் கிடாகா சுரங்கம் பதில் சொல்கிறது. அங்கே 2007இல் தொழிலாளர்களுக்கு மார்பர்க் காய்ச்சல் வந்ததும் வௌவால்களைக் கொன்று தீர்த்தார்கள். 2012இல் அருகிலுள்ள இபாண்டா நகரில் நோய் மீண்டும் வெடித்தது. சுரங்கத்துக்குத் திரும்பியிருந்த வௌவால்களைச் சோதித்தபோது, முன்பு 5 சதவீதமாக இருந்த தொற்று 13 சதவீதமாகியிருந்தது. எதிர்ப்பாற்றல் பெற்ற பழைய கூட்டம் அழிந்து, அது இல்லாத புதிய கூட்டம் குடியேறியதே காரணம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஆஸ்திரேலியாவிலோ காடிழந்து, பசியோடு ஊருக்குள் வந்த பழந்தின்னிகளிடமிருந்து ஹெண்ட்ரா வைரஸ் குதிரைகளுக்குத் தாவுவது அதிகரித்தது. ஆக, வௌவாலைக் கொல்வதும் அதன் இருப்பிடத்தைக் குலைப்பதும் ஆபத்தைத் தெருவுக்கு அழைத்து வரும் வழிகள்.

வைரஸ் வௌவாலிடம் இருப்பது இயற்கை. அது நம்மிடம் வரப் பாதை போடுவது பெரும்பாலும் நம் செயல். அந்தப் பாதையை அடைக்கும் வழிகளும் எளியவை: வௌவாலைப் பிடிக்கக் கூடாது, அடைந்திருக்கும் கூட்டத்தைக் கலைக்கக் கூடாது, அது கடித்துப் போட்ட வாதாம் பழத்தைப் பிள்ளைகள் வாயில் வைக்கக் கூடாது. அதற்காக மரத்தை வெட்ட வேண்டியதில்லை.