கைக்குழந்தையின் மூச்சில் ஓர் ஓசை

ஐதராபாத்துக்கு வந்தும் நம் பாட்டிமார், குழந்தை கர்ரென்று மூச்சுவிட்டால் "கணை" என்று கஷாயம் புகட்டுகின்றனர். புரையேறினால் ஆபத்து. பெரும்பாலும் அது சளிதான். ஆயினும் பிறந்தது முதல் கேட்டு, பாலருந்துகையில் மிகுந்து, கழுத்தைப் பின்னே வளைத்தால் தணியும் ஓசையைச் சளியென்று தள்ளலாகாது.

கருவில் பெருந்தமனிக்கு இரு வளைவுகள் உண்டு, ஒன்று மறையவேண்டும். மறையாவிடின் இரண்டும் வளையமாகி மூச்சுக்குழலையும் உணவுக்குழலையும் இறுக்கும். 1945-இல் பாஸ்டனில் டாக்டர் ராபர்ட் கிராஸ் அவ்வளையத்தை அறுத்து ஒரு குழந்தையைக் காத்தார். இன்று எக்கோவும் சி.டி. படமும் அதனைக் காட்டிவிடும். சிறிய வளைவைத் துண்டிப்பர்.

ரெட் ஹில்ஸில் (நம் சென்னைச் செங்குன்றமன்று!) பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென நிலோஃபர் மருத்துவமனை உள்ளது. உடல் நீலம் பாய்ந்தால் நொடியும் தாமதியாதீர். அறுவைக்குப் பின்னும் சில மாதம் ஓசை கேட்கக்கூடும். நசுங்கிய குழல் உறுதிபெற நாளாகும். பாட்டிமார் அப்போது மறுபடி கஷாயம் காய்ச்சவேண்டாம்.